ஏப்ரல்ல அகஸ்டாவோட நிறுத்திடாதீங்க, பக்கத்துல ஒரு காடு இருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

வருஷா வருஷம் ஏப்ரல் வந்தா உங்க ஸ்போர்ட்ஸ் பக்கத்துல அகஸ்டா மாஸ்டர்ஸ் கோல்ஃப் பத்தி படத்தோட நியூஸ் வந்துடுது, சந்தோஷம், நான் ஜார்ஜியாவுலயே இருக்கறதால அதைத் தேடிப் பிடிச்சு படிக்கறவன். ஆனா அதே அகஸ்டாவுல இருந்து கார்ல கொஞ்ச தூரம் போனா ஆப்லிங்னு ஒரு சின்ன ஊர், அங்க கிளார்க்ஸ் ஹில் ஏரிக்கரையில வைல்ட்வுட் பார்க்குக்குள்ள டிஸ்க் கோல்ஃபோட தலைமை ஆபீஸே இருக்கு, அதைப் பத்தி உங்க பேப்பர்ல ஒரு வரி கூட என் கண்ணுல பட்டதில்ல. அதனாலதான் இந்த லெட்டர்.

விளையாட்டு என்னன்னு தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. பந்துக்கு பதிலா தட்டு, குழிக்கு பதிலா சங்கிலி தொங்கற இரும்புக் கூடை, எத்தனை த்ரோல கூடைக்குள்ள போடறோமோ அதுதான் ஸ்கோர். இந்தக் கூடையைக் கண்டுபிடிச்சவர் எட் ஹெட்ரிக், 1975ல கலிஃபோர்னியாவுல ஓக் க்ரோவ் பார்க்ல முதல் நிரந்தர கோர்ஸ் போட்டதும் அவர்தான், அடுத்த வருஷம் பி.டி.ஜி.ஏ.ங்கற டிஸ்க் கோல்ஃப் பிளேயருங்க சங்கத்தையும் ஆரம்பிச்சார். அந்த சங்கத்தோட சென்டர்தான் 2007ல ஆப்லிங்ல திறந்தது, ஒரு ம்யூசியம், ஒவ்வொண்ணுலயும் 18 கூடைன்னு மூணு கோர்ஸ், அதுல ஒண்ணு ஹெட்ரிக் பேர்லயே இருக்கு.

நான் சொல்ல வந்தது இன்னொண்ணு பத்தி, டபிள்யூ.ஆர். ஜாக்சன் கோர்ஸ். நம்ம ஆளுங்க கிட்ட டிஸ்க் கோல்ஃப்னு சொன்னா பீச்ல ஃப்ரிஸ்பீ வீசற மாதிரி நினைக்கறாங்க, கையில பலம் இருக்கறவன் ஜெயிப்பான்னு முடிச்சிடறாங்க. திறந்த புல்வெளி கோர்ஸ்ல பெரிய ப்ரோ பிளேயருங்க 500 அடி வீசறதைப் பார்த்தா அப்படித்தான் தோணும், ஒத்துக்கறேன். ஆனா ஜாக்சன்ல டீ-ல, அதாவது முதல் த்ரோ வீசற இடத்துல, வந்து நின்னு பாருங்க, முன்னாடி நெட்டையா பைன் மரம், அதுக்கு நடுவுல ஒரு சந்து, அந்த சந்து தூரத்துல மெதுவா ஒரு பக்கம் வளைஞ்சு மறைஞ்சு போகுது, கூடை எங்கன்னே சில இடத்துல தெரியாது. வலது கையால சாதாரணமா பேக்ஹேண்ட் வீசினா தட்டு வேகம் குறையும்போது இடது பக்கம் சரியும், சந்து வலது பக்கம் வளைஞ்சா அந்த த்ரோ உதவாது, ஃபோர்ஹேண்ட் வீசணும், இல்ல தட்டை சாய்ச்சு விட்டு வலது பக்கமே கடைசி வரைக்கும் பிடிச்சு போக வைக்கணும். உயரம் கூடினா கிளை, குறைஞ்சா புதர். அதனால ரொம்ப தூரம் போற டிரைவர் தட்டை பையிலயே விட்டுட்டு, நடுத்தர தூரத்துக்கான மிட்ரேஞ்ச் தட்டை எடுத்து நிதானமா 250 அடி நேரா போடறவன்தான் அங்க கெட்டிக்காரன்.

டீ-க்கு பக்கத்துல இருக்கற முதல் சில மரங்களைக் கிட்டப் போய்ப் பாருங்க, நெஞ்சு உயரத்துல பட்டையெல்லாம் தட்டு பட்டு பட்டு சிராய்ச்சு உள்ளே செம்மண் நிறத்துல தெரியும். அங்க பட்ட தட்டு பின்னாடியே கூட தெறிச்சு வரும். அப்புறம்தான் அசல் வேலை. புதருக்குள்ள முட்டி போட்டு உக்காந்து, ரெண்டு மரத்துக்கு நடுவுல கைதான் நுழையும்ங்கற இடத்துல தட்டை மணிக்கட்டாலயே தட்டி விட்டு சந்துக்குள்ள திரும்பக் கொண்டு வரணும், கூடையைப் பத்தி அப்ப யோசிக்கவே கூடாது. கிளை இடைஞ்சலா இருக்குன்னு வளைச்சுப் பிடிச்சுக்கவும் முடியாது, உயிரோட இருக்கற கிளையை ஒதுக்கிட்டு நிக்கறதுக்கு ரூல் விடாது, இருக்கறபடியே நின்னு வீசணும். தட்டு காணாமப் போனா தேட 3 நிமிஷம், கிடைக்கலன்னா ஒரு த்ரோ அபராதம், பழைய இடத்துக்கே திரும்பப் போகணும். மரத்தை எதிராளியா வெச்சு அதுக்கு இவ்வளவு மரியாதை குடுக்கற வேற விளையாட்டு எனக்குத் தெரிஞ்சு இல்ல.

2022ல பி.டி.ஜி.ஏ. சாம்பியன்ஸ் கப்னு ஒரு புது மேஜர் (பெரிய அளவு) போட்டியை இந்த ஜாக்சன் கோர்ஸ்லதான் ஆரம்பிச்சாங்க, கிறிஸ் டிக்கர்சனும் பெண்கள்ல பெய்ஜ் பியர்ஸும் ஜெயிச்சாங்க. டிக்கர்சன் டென்னசிக்காரர், காட்டு கோர்ஸ்ல கைதேர்ந்தவர்னு பேர் எடுத்தவர், அந்தப் போட்டி வீடியோல அவர் எவ்வளவு அடக்கி வீசறார்னு பார்த்தா நான் சொல்றது புரியும்.

இன்னொரு வருத்தமும் இருக்கு. 2024 செப்டம்பர்ல ஹெலீன் புயல் அகஸ்டா வட்டாரத்தையே புரட்டிப் போட்டுச்சு, மாஸ்டர்ஸ் மைதானத்துல மரம் விழுந்தது உலகம் முழுக்க நியூஸ் ஆச்சு, எல்லாரும் எழுதினாங்க. அதுல தப்பில்ல. ஆனா காட்டு டிஸ்க் கோல்ஃப்ல மரம் அழகுக்கு நிக்கறது இல்ல, சந்து ஓரத்துல ஒரே ஒரு பைன் சாய்ஞ்சாலும் அந்த ஹோலோட, அதாவது அந்தக் கூடைக்குப் போற வழியோட, குணமே மாறிடும், நேத்து வரைக்கும் வளைச்சு வீசின இடத்துல நாளைக்கு நேரா வீசலாம், புதுசா நட்டு அது அந்த உயரம் வர எத்தனை வருஷம் ஆகும் சொல்லுங்க. இதை எழுத ஒரு ஆள் வேண்டாமா?

அடுத்த ஏப்ரல்ல மாஸ்டர்ஸ் நியூஸ் போடும்போது பக்கத்துலயே அரை பத்தி இடம் இதுக்கும் ஒதுக்குங்கன்னு கேட்டுக்கறேன். அட்லாண்டாவுல நம்ம தமிழ் குடும்பங்கள் நிறைய இருக்கு, ஐ-20 ஹைவேல கிழக்கே போனா ரெண்டு, ரெண்டரை மணி நேரம்தான், பசங்களைக் கூட்டிட்டு போகலாம், மூணு கோர்ஸ்ல ஜாக்சனைக் கடைசியா வெச்சுக்கச் சொல்லுங்க. படம் வேணும்னா எடுத்து அனுப்ப நான் ரெடி.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
அட்லாண்டா