அன்றைக்கு எத்தனை பங்கு? வங்கிகளுக்கு ஒரு திறந்த மடல்

பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டுள்ள வங்கிகளின் முதலீட்டாளர் சேவைப் பிரிவினருக்கு,

வணக்கம். உங்கள் தளத்தில் பழைய பங்கு விலையைக் காட்டும் விதம் பற்றி ஒரு வேண்டுகோள். பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் சின்னதாகக் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், பான் கார்டு, ஆன்லைன் விண்ணப்பம். ஜூன், ஜூலை வந்துவிட்டால் வருமான வரி ரிட்டர்ன். வருபவர்கள் பெரும்பாலும் துறைமுகத்திலும் ரயில்வேயிலும் ஓய்வு பெற்றவர்கள், துணிக்கடைக் கணக்கர்கள், அவர்களுடைய பிள்ளைகள். இந்தப் பக்கத்து ஆட்களுக்குப் பங்கு என்றால் முதலில் வங்கிப் பங்குதான். பாஸ்புக் வைத்திருக்கிற இடம், தெரிந்த போர்டு, அதனால் நம்பிக்கை.

போன ஜூலையில் தெரிந்த அக்கா ஒருவர் ஒரு டைரியோடு வந்தார். கணவர் துறைமுகத்தில் வேலை பார்த்தவர், 2016-ல் தவறிவிட்டார். டைரியில் அவர் கையெழுத்தில் ஒரு வரி: '2014 ஜூன், ஸ்டேட் பாங்க், 50 பங்கு, 2,640.' பங்குகளை மின்னணுக் கணக்கில் காட்டும் டீமேட் அறிக்கையிலோ 500 பங்கு என்று இருந்தது. அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "தம்பி, ஒரு சைபர் கூடப் போட்டுட்டாங்க போல. அவங்க கிட்ட சொல்லிடலாமா, பின்னாடி வம்பாயிடுமா?"

இன்னொரு காகிதமும் கையில் இருந்தது. அவர் தங்கை மகன் ஏதோ ஒரு இணையதளத்திலிருந்து எடுத்துக் கொடுத்த பழைய விலைப் பட்டியல். 2014 நவம்பரில் ஒரு வரியில் விலை மூவாயிரத்தை ஒட்டி நிற்கிறது. அடுத்த வரியில் முந்நூறை ஒட்டி. நடுவில் ஒரு சொல் விளக்கம் கிடையாது. அதைப் பார்த்துப் பையன் சொல்லியிருக்கிறான், "பெரியப்பா பணம் ஒரே நாள்ல பத்துல ஒண்ணு ஆயிடுச்சு பெரியம்மா" என்று. வீட்டுக்காரர் பேங்க் பங்கில் ஏமாந்து போய்விட்டார் என்றே அக்கா அத்தனை வருஷமும் நினைத்திருக்கிறார்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். அந்த மாதம் ஸ்டேட் வங்கி தன் 10 ரூபாய் முகமதிப்புள்ள (பத்திரத்தில் எழுதிய மதிப்பு, சந்தை விலை இல்லை) பங்கை 1 ரூபாய் முகமதிப்புள்ள பத்துப் பங்குகளாகப் பிரித்தது. அக்காவுக்கு நான் காசிமேட்டுக் கணக்கில் சொன்னேன்: முழு வஞ்சிரத்தைப் பத்துத் துண்டு போட்டால் ஒரு துண்டின் விலை குறையும், மீன் குறையாது. 50 பங்கு 2,640 வீதம் 1,32,000. 500 பங்கு 264 வீதமும் அதே 1,32,000. அக்கா கொஞ்ச நேரம் டைரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "அப்ப அவரு ஏமாறலையா?" என்றார்.

இந்தக் கேள்விக்காகத்தான் இந்த மடல். ஒரு நாளின் பழைய விலையை மட்டும் காட்டுவது பாதிக் கணக்கு. அன்றைக்கு இருந்த ஒரு பங்கு இன்றைக்கு எத்தனை, ஏன் அப்படி ஆனது என்று அதே வரியில் இருந்தால்தான் முழுக் கணக்கு.

சரி, சில தளங்கள் பழைய விலையைத் திருத்தி, 'சரிசெய்த விலை' என்று கொடுக்கின்றனவே என்பீர்கள். விலை வரைபடம் பார்க்க அது உதவும். ரிட்டர்ன் எழுத உட்கார்ந்தால் அதுவே காலை வாரும். எச்.டி.எஃப்.சி. வங்கியையே எடுத்துக்கொள்வோம். 2018 ஜனவரி 31 அன்று அதன் விலை ஏறத்தாழ இரண்டாயிரம். 2019 செப்டம்பரில் 2 ரூபாய்ப் பங்கு 1 ரூபாய்ப் பங்காகப் பிரிந்தது. 2025 ஆகஸ்டில் ஒன்றுக்கு ஒன்று போனஸ், அதாவது கையிலுள்ள ஒவ்வொரு பங்குக்கும் இலவசமாக இன்னொன்று. ஆக, அதே ஒரு நாளுக்கு ஓரிடத்தில் 2,000 என்று இருக்கும், பிரிப்பை மட்டும் கணக்கில் எடுத்த இடத்தில் 1,000, போனஸையும் சேர்த்துத் திருத்திய இடத்தில் 500. மூன்றும் பொய் இல்லை.

அந்தத் தேதியை நான் சும்மா சொல்லவில்லை. நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு, அதாவது ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருந்து விற்ற பங்கின் லாபத்துக்கு, 2018-ல் மறுபடி வரி வந்தபோது, அதற்கு முன் வாங்கிய பங்குகளுக்கு ஒரு சலுகை கொடுத்தார்கள். 2018 ஜனவரி 31-ன் உச்ச விலை, விற்ற விலை, இந்த இரண்டில் எது குறைவோ அதை எடுக்க வேண்டும். அதையும் உண்மையில் வாங்கிய விலையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதை அடக்க விலையாகக் காட்டலாம். கவனிக்க, அன்றைய உச்ச விலை. முடிவு விலை இல்லை. பல பட்டியல்களில் முடிவு விலை ஒன்றுதான் இருக்கிறது. வாரிசாக வந்த பங்கு என்றால் வாங்கிய தேதியும் விலையும் இறந்தவருடையதுதான். அந்த டைரி வரி அக்காவுக்குச் சொத்துப் பத்திரம் மாதிரி என்று சொல்லி, பத்திரமாக வைக்கச் சொன்னேன்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஒருவரிடம் 2018-க்கு முன் வாங்கிய 100 எச்.டி.எஃப்.சி. வங்கிப் பங்கு இருந்தது என்போம். பிரிப்பில் 200 ஆனது, போனஸில் 400. அதில் 200-ஐ 950 ரூபாய்க்கு விற்கிறார். டீமேட்டில் முதலில் வந்ததுதான் முதலில் போனதாகக் கணக்கு. ஆகவே விற்றது பழைய 200. அவற்றின் ஜனவரி 31 விலை 1,000, விற்ற விலை 950, குறைவானது 950. அதுவே அடக்க விலை, ஆதாயம் சுழி. இதையே திருத்திய பட்டியலைப் பார்த்து 500 என்று போட்டால், பங்குக்கு 450 வீதம் 90,000 ரூபாய் இல்லாத ஆதாயத்தைக் காட்டியிருப்பார். மீதி 200 போனஸ் பங்குகளின் அடக்க விலை சுழி, ஏனென்றால் அவை 2018-க்குப் பிறகு காசில்லாமல் வந்தவை. அவற்றை விற்கும்போது முழுத் தொகையும் ஆதாயம்தான். திருத்திய விலை இந்த இரண்டு இருநூறையும் ஒன்றாகக் கலந்துவிடுகிறது. ஆண்டுக்கு 1,25,000 ரூபாய் ஆதாயம் வரை வரியில்லை என்பதால் சின்ன ஆட்கள் தப்பித்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

திருத்தவே முடியாத வகை ஒன்றும் உண்டு, வங்கிப் பங்கில் அது அதிகம். எங்கள் தெரு டீக்கடையில் அடிக்கடி கேட்கிற பேச்சு: "யெஸ் பேங்க் நானூறு ரூபா வித்த பங்கு, இப்ப சில்லறைக்குக் கிடைக்குது, வாங்கிப் போட்டா ஒருநாள் பழைய விலைக்கு வரும்." 2018 ஆகஸ்டில் அது நானூறை ஒட்டி விற்றது உண்மைதான். ஆனால் 2020 மார்ச்சில் வங்கி தத்தளித்தபோது ஸ்டேட் வங்கியும் வேறு சில நிதி நிறுவனங்களும் பங்கு 10 ரூபாய் வீதம் 10,000 கோடி ரூபாய் போட்டன. அதாவது 1,000 கோடி புதுப் பங்கு. அதே ஆண்டு ஜூலையில் 12 ரூபாய் வீதம் 15,000 கோடி திரட்டினார்கள், இன்னொரு 1,250 கோடி பங்கு. அதற்கு முன் மொத்தமே சுமார் 255 கோடிப் பங்குதான். பந்தியில் இலை பத்து மடங்காகிவிட்டது, பாயசம் அந்த அளவுக்குப் பெருகவில்லை. இது பிரிப்பும் இல்லை, போனஸும் இல்லை. காசு கொடுத்து உள்ளே வந்த புதுப் பங்காளிகள். அதனால் எந்தத் திருத்தமும் பழைய நானூறைத் தொடாது. விலை வரைபடத்தில் அது மலை உச்சி மாதிரி நின்று ஆளைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு நாளின் விலைக்குப் பக்கத்திலும் அன்றைய மொத்தப் பங்கு எண்ணிக்கை இருந்தால், பழைய நானூறுக்கு வர இந்த வங்கியின் மதிப்பு பத்து லட்சம் கோடியையே தாண்ட வேண்டும் என்று டீக்கடையிலேயே பெருக்கிப் பார்த்துவிடலாம். எங்கள் ஆட்களுக்குப் பெருக்கல் நன்றாக வரும், பெருக்க எண்தான் இல்லை.

இன்னொன்று, காணாமல் போன வங்கிகள். அலகாபாத் வங்கி 2020 ஏப்ரல் 1-ல் இந்தியன் வங்கியோடு இணைந்தது. 1,000 பங்குக்கு 115 பங்கு கிடைத்தது. ஒருவர் பழைய பெயரைத் தேடிப் பார்த்து ஒன்றும் வராமல், பணம் போச்சு என்று காகிதத்தைப் பரணில் போட்டிருந்தார். நேர் எதிராக, கரூரில் 1926-ல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி. 2017-ல் நூறு ரூபாய்க்கு மேல் விற்ற பங்கு, 2020 நவம்பரில் பத்து ரூபாய்க்கும் கீழே வந்தது. அந்த மாதமே வங்கியை 'டி.பி.எஸ். வங்கி இந்தியா' என்ற வங்கியோடு இணைத்தார்கள். வைப்பாளர்களின் பணம் தப்பியது, பங்குதாரர்களுக்கு ஒரு பைசா வரவில்லை. விலைப் பட்டியலோ கடைசி வியாபார நாளோடு நின்றுவிடுகிறது. கடைசி வரிக்குக் கீழே 'இதற்குப் பின் மதிப்பு சுழி' என்று எழுதாவிட்டால், அந்தக் கடைசி விலைதான் இன்னும் கையில் இருக்கிறது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

பாரிமுனைப் பக்கம் வேலையாகப் போனால் செகண்ட் லைன் பீச்சில் அத்தோ சாப்பிடாமல் திரும்புவதில்லை. சென்னைப் பங்குச் சந்தை இயங்கிய தெரு அது. 2015-ல் அந்தச் சந்தை மூடிக்கொண்டது. அங்கே தரகரிடம் நேரில் நின்று 'ஏன் இறங்கிச்சு?' என்று கேட்க முடிந்த காலம் ஒன்று இருந்தது. இப்போது செல்போன் விலையைச் சொல்கிறது, ஏன் என்று கேட்டால் பேசுவதில்லை. அதே பாரிமுனையில் 1906-ல் ஆர்பத்நாட் கம்பெனி என்ற தனியார் வங்கி கவிழ்ந்து பலர் தெருவுக்கு வந்த பிறகுதான், அடுத்த வருஷம் இந்தியன் வங்கியே பிறந்தது. வங்கியின் கதை தெரியாமல் வங்கியின் விலையைப் படிப்பது இந்த ஊருக்குப் பொருந்தாத பழக்கம்.

நான் கேட்பது பெரிய வேலை இல்லை. பிரிப்பு, போனஸ், புதுப் பங்கு வெளியீடு, இணைப்பு எல்லாம் நீங்களே பங்குச் சந்தைக்கு அறிவித்தவை. தேதியோடு உங்களிடமே இருக்கின்றன. உங்கள் தளத்தில் பழைய விலை காட்டும் பக்கத்தில், அது நடந்த நாளின் வரியிலேயே அதைத் தமிழில் எழுதுங்கள். அன்று விற்ற விலையையும் திருத்திய விலையையும் தனித்தனியாகக் காட்டி, எதற்குத் திருத்தியது என்று சொல்லுங்கள். அன்றைய மொத்தப் பங்கு எண்ணிக்கையைச் சேருங்கள். 2018 ஜனவரி 31-ன் உச்ச விலையை மட்டும் தனியாக, பிற்பாடு வந்த பிரிப்புக்கு ஏற்ப எப்படிக் கணக்கிடுவது என்ற ஒரு உதாரணத்தோடு போடுங்கள். உங்களோடு இணைந்த வங்கியின் பழைய வரிகளை அழிக்காதீர்கள்.

ஒரு வங்கியின் கிளையில் இதை நேரில் கேட்டேன். "அதெல்லாம் ரெஜிஸ்ட்ரார் பார்த்துப்பாங்க சார்" என்றார்கள். பங்குதாரர் பதிவேட்டை வைத்திருக்கும் அந்த ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்துக்குப் போன் செய்தால் இந்தியிலும் ஆங்கிலத்திலும் எண் அழுத்தச் சொன்னது. அக்கா என் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

அவர் கொண்டுவந்த அந்தக் காகிதத்தில், மூவாயிரத்துக்கும் முந்நூறுக்கும் நடுவே சிவப்பு மையால் 'ஒன்று பத்தானது' என்று எழுதிக் கொடுத்தேன். இப்போது அது டைரிக்குள் இருக்கிறது. அடுத்த ஜூலையில் வேறு பத்துப் பேர் வேறு பத்துக் காகிதங்களோடு வருவார்கள். அதற்குள் அந்த வரியை நீங்களே எழுதிவிட்டால் எனக்குச் சிவப்பு மை மிச்சம்.

இப்படிக்கு,
பழைய வண்ணாரப்பேட்டையில் ரிட்டர்ன் எழுதிக் கொடுக்கும் ஒருவன்