மாதிரி ரயிலுக்கும் லைன் கிளியர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குறுகிய பாதை ரயில்களை அளவு குறைத்து, தண்டவாளம் முதல் கைகாட்டி வரை நுணுக்கமாகச் செய்து ஓட்டிப் பார்க்கும் ஆர்வம் செட்டிநாட்டு இளைஞர் சிலரிடம் இப்போது தென்படுகிறது. என்னிடம் படித்தவர்கள் சிலரும் இதில் இறங்கியிருக்கிறார்கள். அவர்கள் செய்து காட்டுகிறவை பெரும்பாலும் சுவிட்சர்லாந்தின் ரேட்டியன் ரயில்வேயாகவோ அமெரிக்காவின் கொலராடோ மலைப்பாதையாகவோ இருக்கின்றன. அவர்களுடைய கைத்திறனில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆயினும் காரைக்குடி வழியாக முக்கால் நூற்றாண்டுக் காலம் ஒரு மீட்டர் அகலப் பாதையில் ஓடிய மீட்டர் கேஜ் ரயிலை நான் அறிந்தவரை ஒருவரும் கையில் எடுக்கவில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். அதைச் செய்ய வேண்டும், அந்த ரயில் நடத்தப்பட்ட முறையோடு சேர்த்துச் செய்ய வேண்டும், அந்த முறையை அறிந்தவர்கள் நம்மிடையே இருக்கும்போதே செய்ய வேண்டும் என்று வேண்டிக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

மலையே இல்லாத சீமையில் குறுகிய பாதை எதற்கு வந்தது என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். அதற்குக் காரணம் சிக்கனம். 1676 மில்லிமீட்டர் அகலப்பாதையை நாடெங்கும் போடுவதற்குப் பணம் போதாது என்ற நிலையில், மேயோ பிரபு வைஸ்ராயாக இருந்த 1870-இல், ஒரு மீட்டர் அகலமுள்ள பாதையை இந்தியாவில் போடுவது என்று முடிவாயிற்று. எடை குறைந்த தண்டவாளம், குறைவான மண் வேலை, சிறிய பாலங்கள் ஆகியவற்றால் செலவு இறங்கியது. தெற்கே தென்னிந்திய ரயில்வேயின் பெரும்பகுதி இந்த அகலத்திலேயே அமைந்தது. திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு வந்த பாதை 1930-இல் மானாமதுரை வரை நீண்டபோது, செட்டிநாடு, கோட்டையூர், காரைக்குடி, தேவகோட்டை ரோடு, கல்லல் ஆகிய நிலையங்களுக்கு ரயில் வந்து சேர்ந்தது. ராமேசுவரம் வரையிலான பாதை 2007-இல் அகலமாயிற்று. காரைக்குடியிலிருந்து பட்டுக்கோட்டை வழியாகத் திருவாரூர் செல்லும் பாதையும் மாற்றப்பட்டு, 2019-இல் அதன் முழு நீளத்திலும் வண்டிகள் ஓடத் தொடங்கின. இன்று தமிழ்நாட்டில் மீட்டர் கேஜ் ரயிலைக் காண வேண்டுமானால் மேட்டுப்பாளையத்துக்குத்தான் போக வேண்டும். அகலப்பாதை வந்தது நன்மையே. அதை மறுப்பதற்காக நான் இதை எழுதவில்லை.

மாதிரி செய்கிறவர்களுக்கு நம் மீட்டர் கேஜ் எவ்வளவு ஏற்றது என்பதைக் கணக்கோடு சொல்ல விரும்புகிறேன். உலகில் மிகப் பரவலாக வழங்கும் எச்.ஓ. அளவு, உண்மைப் பொருளை 87-இல் ஒரு பங்காகக் குறைக்கிறது. அந்த அளவுக்குக் கடையில் கிடைக்கும் வழக்கமான தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர், இது ஐரோப்பாவின் 1435 மில்லிமீட்டர் பாதைக்குப் பொருந்துவது. நம் அகலப்பாதையை 87-ஆல் வகுத்தால் 19.3 மில்லிமீட்டர் வருகிறது. ஆகவே, இந்திய அகலப்பாதை எஞ்சினைச் செய்து வழக்கமான தண்டவாளத்தில் நிறுத்துகிறவர், சக்கரங்களை ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் உள்ளே ஒடுக்கியே நிறுத்துகிறார். மீட்டர் கேஜை 87-ஆல் வகுத்தால் 11.5 மில்லிமீட்டர் கிடைக்கிறது; சுவிட்சர்லாந்து மலை ரயில்களுக்காக ஜெர்மனியின் பெமோ, இங்கிலாந்தின் பெக்கோ போன்ற நிறுவனங்கள் விற்கும் குறுகிய பாதைத் தண்டவாளம் 12 மில்லிமீட்டர் அகலமுள்ளது. அரை மில்லிமீட்டர் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. நம் அகலப்பாதையைவிட நம் மீட்டர் கேஜையே கடைச்சரக்கைக் கொண்டு உண்மைக்கு நெருக்கமாகச் செய்ய முடியும் என்பதை ஆர்வலர்கள் பலர் இன்னும் கவனிக்கவில்லை.

வளைவுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரயில்வேயில் வளைவை டிகிரியில் குறிப்பார்கள். 1750-ஐ அந்த டிகிரியால் வகுத்தால் வளைவின் ஆரம் மீட்டரில் கிடைக்கும். அகலப்பாதைக்கு 10 டிகிரி, மீட்டர் கேஜுக்கு 16 டிகிரி, அதைவிடவும் குறுகிய குறும்பாதைக்கு 40 டிகிரி என்பவை இந்திய ரயில்வே விதிகள் அனுமதிக்கும் மிகக் கூர்மையான வளைவுகள். இவற்றை எச்.ஓ. அளவுக்குக் குறைத்தால், வண்டியை அரைவட்டமாகத் திருப்புவதற்கு அகலப்பாதைக்கு 4 மீட்டர் அகலமும், மீட்டர் கேஜுக்கு இரண்டரை மீட்டரும், குறும்பாதைக்கு ஒரே ஒரு மீட்டரும் தேவைப்படும். சிறிய அறைகளில் வாழ்கிற ஐரோப்பியர்களும் ஜப்பானியர்களும் குறுகிய பாதை மாதிரிகளை விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். நம் ஊரிலோ இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆண்டில் சில நாட்கள் மட்டும் திறக்கப்படும் செட்டிநாட்டு வீடுகளின் பட்டகசாலைகள் என்னும் கூடங்களிலும், உள்முற்றத்தைச் சுற்றிய வளவுப் பத்திகளிலும் ஒரு முழு நிலையத்தையே அமைத்துவிடலாம். மீட்டர் கேஜ் பயணிகள் பெட்டி ஒன்றின் நீளம் ஏறத்தாழ 19.5 மீட்டர், மாதிரியில் அது 22 சென்டிமீட்டர் ஆகும். எட்டுப் பெட்டிகளும் எஞ்சினும் சேர்ந்து 2 மீட்டர்தான். 3 மீட்டர் நீளத்தில், வண்டிகள் ஒன்றையொன்று கடப்பதற்கான கிளைப்பாதையாகிய லூப் லைனோடு கூடிய நிலையம் ஒன்று அடங்கிவிடும்.

இனி நான் முக்கியமாகக் கருதும் விஷயத்துக்கு வருகிறேன். பெட்டியும் எஞ்சினும் எவ்வளவு அழகாக அமைந்தாலும், வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும் வண்டி பத்து நிமிடத்தில் அலுத்துவிடும். வெளிநாட்டில் இக்கலையில் தேர்ந்தவர்கள் அதனால்தான் தாங்கள் செய்யும் ரயில்வேயின் விதிப்புத்தகத்தையும் கற்கிறார்கள். கொலராடோவின் மூன்றடிப் பாதையைச் செய்கிறவர்கள் பலர், அங்கே வழக்கத்தில் இருந்ததைப் போலவே, கால அட்டவணையையும் மெல்லிய தாளில் எழுதித் தரும் வண்டி உத்தரவுகளையும் கொண்டே தங்கள் மாதிரியை நடத்துகிறார்கள். இரண்டு வண்டிகள் எங்கே சந்திக்க வேண்டும் என்று கட்டுப்பாட்டாளர் சொல்ல, நிலையத்தில் இருப்பவர் அதை எழுதி ஓட்டுநரிடம் தருகிறார். நம் இளைஞர்கள் அந்தப் பாதையை எடுத்துக்கொள்ளும்போது அந்த நாட்டின் முறையையே கற்கிறார்கள். நம் ஒற்றைப் பாதையை நடத்திய முறை அதற்குச் சற்றும் குறைந்ததன்று.

ஒற்றைப் பாதையில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிக்கு மட்டும் செல்லும் உரிமை தரும் நீல் பந்து டோக்கன் கருவி பல மீட்டர் கேஜ் பாதைகளில் நெடுங்காலம் இருந்தது. அடுத்தடுத்த இரண்டு நிலையங்களிலும் ஒரே வகைக் கருவி இருக்கும். இரண்டும் மின்கம்பியால் இணைந்திருக்கும். ஒரு நிலைய அதிகாரி மணி அடித்து லைன் கிளியர், அதாவது வண்டியை அனுப்ப அனுமதி, கேட்பார். அடுத்த நிலையத்தார் பாதை காலியாக இருப்பதை உறுதி செய்துகொண்டு சம்மதம் கொடுத்தால்தான் இங்குள்ள கருவி ஓர் எஃகுப் பந்தை வெளியே விடும். அந்தப் பந்து மீண்டும் இரண்டு கருவிகளுள் ஒன்றில் போடப்படும்வரை இன்னொரு பந்து வராது. எந்த இரு நிலையங்களுக்கு இடையே செல்லும் உரிமை என்பது பந்தின் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். டிரைவர் அதைப் படித்துப் பார்த்த பிறகே வண்டியை எடுப்பார். நிற்காமல் செல்லும் வண்டிக்கு, பந்தைப் பையில் இட்டு, அந்தப் பையைப் பெரிய வளையத்தில் மாட்டி, ஓடும் எஞ்சினில் இருப்பவர் கையை நுழைத்து வாங்கும்படி நீட்டுவார்கள். ஒரே தண்டவாளத்தில் எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகளை மோதாமல் காத்தது இந்தப் பந்தே.

இதை மாதிரியில் செய்ய முடியுமா என்றால், மிக எளிதாகச் செய்யலாம். பட்டகசாலையில் காரைக்குடி, இரண்டாம் கட்டில் தேவகோட்டை ரோடு என்று வைத்து, ஒருவர் நிலையத்தை மற்றவர் பார்க்க முடியாதபடி இரண்டு பேர் அமர்ந்து, இரண்டு மின்மணிகளையும் சில எஃகுக் குண்டுகளையும் கொண்டு வண்டிகளை அனுப்பிப் பார்க்கட்டும். முதல் வண்டியை லூப் லைனில் ஏற்க வேண்டும். அதன் கடைசிப் பெட்டியில் கடைசி வண்டி என்பதைக் குறிக்கும் எல்.வி. என்ற எழுத்துள்ள பலகை இருக்கிறதா என்று பார்த்து, வண்டி முழுதும் வந்துவிட்டது என உறுதி செய்ய வேண்டும். பந்தைக் கருவியில் போட வேண்டும். அதன் பிறகே எதிர்வண்டிக்கு வழி விட வேண்டும். வண்டி நடுவழியில் அறுந்து பாதிப் பெட்டிகள் பாதையிலேயே நின்றுவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு அந்தச் சிறு பலகைதான் விடை. மாதிரிகளில் பலரும் மறந்துவிடுவது அதையே.

கைகாட்டிகளும் அப்படித்தான். வெளி எல்லையில் அவுட்டர், உள்ளே ஹோம், புறப்பாட்டுக்கு ஸ்டார்ட்டர் என்று வரிசை உண்டு. கை கிடையாக இருந்தால் நிற்க வேண்டும், கீழே சாய்ந்தால் செல்லலாம். தடம் மாற்றும் பாயிண்ட்டைத் திருப்பிப் பூட்டிய பின்னரே கைகாட்டியின் நெம்புகோல் அசையும்படி இயந்திரப் பூட்டுகள் அமைந்த நிலையங்களில், பணியாளர் அவசரத்தில் தவறு செய்ய நினைத்தாலும் கருவி இடம் கொடுக்காது. இந்தப் பூட்டுமுறையைச் சிறு அளவில் தகட்டிலும் மரத்திலும் செய்து காட்டுகிற மாணவன், தருக்கமும் இயந்திரவியலும் எந்தப் பாடநூலிலும் கிடைக்காத தெளிவோடு கற்றுக்கொள்வான் என்பதை ஓர் ஆசிரியனாகத் துணிந்து சொல்கிறேன்.

மலைப்பாதைகளைச் செய்கிறவர்களுக்கும் இது பொருந்தும். நீலகிரிப் பாதையில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே ஏறத்தாழ 12-க்கு 1 என்ற ஏற்றத்தில், தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள பற்சட்டங்களைப் பற்றிக்கொண்டு எஞ்சின் ஏறுகிறது என்பதை எல்லோரும் அறிவார்கள். ஏறும்போது எஞ்சின் வண்டியின் பின்னால் நின்று தள்ளுகிறது என்பதையும், அதனால் முன்பாதையைக் காண முடியாத டிரைவருக்காகப் பெட்டிகளின் மேடையில் நிற்கும் பிரேக்ஸ்மேன்கள் கொடி காட்டிச் செய்தி கடத்துகிறார்கள் என்பதையும் எத்தனை மாதிரிகள் காட்டுகின்றன? எஞ்சினை முன்னால் பூட்டி இழுத்துச் செல்லும் நீலகிரி மாதிரியைக் காணும்போதெல்லாம் மனம் சங்கடப்படுகிறது. டார்ஜிலிங் எஞ்சினின் முன்புறம் அமர்ந்து, சக்கரம் வழுக்காமல் தண்டவாளத்தில் மணல் தூவிய பணியாளர்களும் இப்படியே விடுபட்டுப் போகிறார்கள்.

வேகத்தைக் குறித்தும் ஒரு சொல். மணிக்கு 40 கிலோமீட்டர் செல்லும் வண்டி, எச்.ஓ. அளவில் நொடிக்கு 13 சென்டிமீட்டர்தான் நகர வேண்டும். கடைகளில் காட்டப்படும் மாதிரிகள் இதைப் போலப் பல மடங்கு வேகத்தில் பறக்கின்றன. மீட்டர் கேஜ் பெட்டியின் உடல் ஏறத்தாழ 2.74 மீட்டர் அகலம். அதாவது, பாதையைப் போல இரண்டே முக்கால் மடங்கு. அகலப்பாதைப் பெட்டியோ தன் பாதையைப் போல இரண்டு மடங்குகூட இல்லை. மீட்டர் கேஜின் நிதானமும் ஆட்டமும் இதிலிருந்து பிறந்தவை. அவற்றை மெதுவாக ஓட்டினால்தான் காண முடியும்.

வேலைக்கு வேண்டிய கைகளும் இங்கேயே இருக்கின்றன. ஒய்.பி., ஒய்.ஜி. போன்ற மீட்டர் கேஜ் நீராவி எஞ்சின்களைச் செய்வதற்குப் பித்தளைத் தகடு வெட்டத் தெரிந்தவர்களும், தேக்கில் நூலிழை பிசகாமல் கொத்தத் தெரிந்த ஆசாரிகளும் காரைக்குடியைச் சுற்றி உண்டு. முப்பரிமாண அச்சு இயந்திரத்தை நம் பாலிடெக்னிக், பொறியியல் மாணவர்கள் அறிவார்கள். கண்ணாடிமேல் வண்ணச் சிமெண்டு வார்த்து ஆத்தங்குடிக் கல் செய்கிற குடும்பங்களுக்கு ஒரு சாண் அகலப் பிளாட்பாரம் வார்ப்பது பெரிய காரியமன்று. செம்மண் பொட்டல், ஊருணிக் கரை, பனை, கருவேலம் என்று நிலக்காட்சிக்கு வேண்டியவை சன்னலைத் திறந்தால் தெரிகின்றன.

இல்லாதவை வரைபடங்களும் நினைவுகளும்தான். ஒவ்வொரு நிலையத்துக்கும் அதன் பாதைகள், பாயிண்ட்டுகள், கைகாட்டிகள் ஆகியவற்றின் படத்தோடு கூடிய நிலையப் பணி விதிகள் எழுதி வைக்கப்படும். மீட்டர் கேஜ் காலத்துக் காரைக்குடி, தேவகோட்டை ரோடு, செட்டிநாடு நிலையங்களின் விதிகளும் படங்களும் ரயில்வேயின் ஆவண அறைகளில் எஞ்சியிருந்தால், அவற்றைக் கழித்துவிடாமல் படியெடுத்துத் திருச்சி ரயில் அருங்காட்சியகத்தில் மக்கள் பார்வைக்கு வைக்குமாறு தெற்கு ரயில்வே அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன். நீலகிரிக்குப் புதிய நீராவி எஞ்சின்களையே செய்து தந்த பொன்மலைப் பணிமனையில், மீட்டர் கேஜ் வண்டிகளின் அளவுப் படங்கள் இருந்தால் அவற்றையும் மாணவர்களுக்குத் தந்து உதவலாம்.

நினைவுகளைப் பொறுத்தவரை தங்கள் நாளிதழே பெரிய உதவி செய்ய முடியும். இந்தப் பாதையில் பணியாற்றி ஓய்வுபெற்ற நிலைய அதிகாரிகள், டிரைவர்கள், ஃபயர்மேன்கள், கார்டுகள், பாயிண்ட்ஸ்மேன்கள், கேங்மேன்கள் பலர் இன்று முதுமையில் இருக்கிறார்கள். எந்த நிலையத்தில் எந்த வண்டிக்கு எந்த வண்டி காத்து நின்றது, மழை நாளில் டோக்கன் கருவி வேலை செய்யாதபோது என்ன செய்தார்கள், சரக்கு வண்டியை எந்த லைனில் ஷண்டிங் செய்தார்கள் என்பன போன்ற விவரங்களை அவர்களே சொல்ல முடியும். வாரம் ஒருவராகத் தங்கள் பக்கங்களில் அவர்களை எழுதச் சொல்லுங்கள். எழுத இயலாதவர்களிடம் தங்கள் நிருபர்கள் கேட்டு எழுதட்டும். வரும் தகவல்களை நிலையவாரியாகத் தொகுத்து, மாதிரி செய்ய முன்வரும் மாணவர்களுக்குக் கொடுக்கும் பொறுப்பை நானும் என் நண்பர்களும் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
தேவகோட்டை.