அந்தப் பெட்டி அசல்தானா?

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்தது. பேத்தியின் காதுகுத்து நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்கும் சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். குளிர் மட்டும் இன்னும் விட்டபாடில்லை.

பிரான்சின் கொம்பியேஞ் காட்டில் இருக்கும், முதல் உலகப் போரை நிறுத்தக் கையெழுத்தான ரயில் பெட்டி அசல்தானா என்று கேட்டிருந்தாய். அசல் இல்லை. ஆனால் போலி என்றும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அசல் பெட்டியின் எண் 2419 டி. 1914இல் வகோன்-லி என்ற ரயில் பெட்டி நிறுவனத்துக்காகக் கட்டிய உணவகப் பெட்டி, வெளிப்புறம் முழுக்கத் தேக்கு. 1918இல் பிரெஞ்சு ராணுவம் அதை எடுத்து, நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதி மார்ஷல் ஃபோஷுக்கு அலுவலகமாக்கியது. நவம்பர் 11 விடியற்காலையில் ஜெர்மானியர்கள் போர்நிறுத்தத்தில் கையெழுத்திட்டது அதற்குள்தான்.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு ஆறவே இல்லை. 1921 முதல் பாரிசில் இன்வாலிட் என்ற ராணுவ நினைவு வளாகத்தின் முற்றத்தில், வெட்டவெளியில் நிறுத்திவிட்டார்கள். இரும்பு துருப்பிடித்தால் சுரண்டிப் பெயின்ட் அடிக்கலாம். மரத்தின் இணைப்புகளுக்குள் தண்ணீர் இறங்கினால் வெளியே தெரியாமலே உளுத்துப்போகும். தேக்கானாலும் வார்னிஷும் கூரையும் வேண்டும். ஆறு வருஷ மழையில் பெட்டி சீரழிந்தது. கடைசியில் கலிஃபோர்னியாவின் பாசடீனாவைச் சேர்ந்த ஆர்தர் ஃபிளெமிங் என்ற செல்வந்தர் பணம் கொடுத்தார். பழுதுபார்த்து, கையெழுத்தான காட்டுக்கே கொண்டுபோய், 1927இல் ஒரு கட்டடத்துக்குள் வைத்தார்கள். முதல் வருஷமே செய்திருக்க வேண்டிய வேலை அது.

1940இல் ஜெர்மானியர்கள் அந்தக் கட்டடத்தின் சுவரை இடித்து, பெட்டியைப் பழைய இடத்துக்கே இழுத்துவந்தார்கள். ஜூன் 22 அன்று, தோற்ற பிரான்சை அதற்குள்ளேயே போர்நிறுத்தத்தில் கையெழுத்திட வைத்தார்கள். பிறகு பெர்லினுக்குக் கொண்டுபோய்க் காட்சிக்கு வைத்தார்கள். போர் முடியும் தறுவாயில், 1945இல், ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில் அது எரிந்துபோனது.

இப்போது இருப்பது அதே வரிசையில் கட்டிய 2439 டி. 1950இல் கொண்டுவந்து, உள்ளே மேசை நாற்காலிகளைப் பழையபடி அடுக்கி, 2419 என்று எண்ணையும் மாற்றி எழுதினார்கள். எண்ணை மாற்றியது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. அதே காலத்தில் அதே மாதிரி இழைத்த தேக்குப் பெட்டி தன் சொந்த எண்ணோடு நின்றாலும் மதிப்பு குறையாது. எது எரிந்தது, எது மிஞ்சியது என்பதும் வருகிறவர்களுக்குப் பார்த்ததுமே புரியும்.

நெருப்பில் தப்பிய சில பாகங்களை பெட்டி எரிந்த ஊரின் மக்கள் பின்னாளில் கொம்பியேஞ் காட்டு அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள். நீ வந்தால் முதலில் அவற்றைத்தான் காட்டுவேன். பெட்டிக்குள் ஏற விடமாட்டார்கள், ஜன்னல் வழியாகத்தான் பார்க்க வேண்டும்.

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மறக்காமல் எழுது.

அன்புடன்,
மனோகரன்