ரீக்கின் மலை எரிமலை இல்லீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல இங்கிலாந்தோட ஷ்ராப்ஷயர் கவுண்டி பத்தி வந்த பயணக் கட்டுரைய படிச்சேன், கோட்டை, இரும்புப் பாலம், செவர்ன் ஆறுன்னு எல்லாத்தையும் நல்லா எழுதியிருந்தாங்க. ஆனா ரீக்கின் மலைய மட்டும் அணைஞ்சுபோன எரிமலைன்னு ஒரே வரியில முடிச்சிட்டாங்க. அந்தப் பக்கத்து ஜனங்களே நிறைய பேர் அப்படித்தான் சொல்லுவாங்க, அதனால எழுதினவங்கள குத்தம் சொல்ல வரல. ஆனா அது தப்பு. தயவுசெஞ்சு ஒரு திருத்தம் போடுங்க.

ரீக்கின் எரிமலைப் பாறையால ஆனதுங்கறது உண்மைதான். லாவாவும் சாம்பலும் இறுகி உண்டான பாறை, வயசு சுமார் 56 கோடி வருஷம். ஆனா அதக் கக்கின எரிமலைங்க எப்பவோ தேஞ்சு தடம் தெரியாமப் போயிடுச்சு, இன்னிக்கு நாம பாக்கற 407 மீட்டர் மலை எந்த எரிமலையோட கூம்பும் கிடையாது, பூமியில விழுந்த பிளவுங்களுக்கு நடுவுல மாட்டின ஒரு கெட்டிப் பாறைத் துண்டு, சுத்தி இருந்த பாறை அரிச்சுப் போனதால இது மட்டும் தூக்கலா நிக்குது. அந்த எரிமலைங்க வெடிச்ச காலத்துல இந்த நிலமே இப்ப இருக்கற எடத்துல இல்ல, பூமத்திய ரேகைக்கு ரொம்ப தெக்க, கோண்டுவானாங்கற பெரிய கண்டத்தோட ஓரத்துல கிடந்துச்சு.

எனக்கு பெரிய வருத்தம் அந்த ஒரு வரி கூட இல்ல. உலகத்துல ஜியாலஜி படிக்கற அத்தனை பேரும் உச்சரிக்கற பேருங்க இந்த ஒரு கவுண்டி பாறையிலேர்ந்து கிளம்பியிருக்கு, அத பத்தி கட்டுரையில ஒரு வார்த்தை இல்லையேங்கறதுதான்.

ரீக்கினுக்கு பக்கத்துலயே எர்கால்னு ஒரு சின்ன குன்று, அங்க பழைய கல்குவாரி இருக்கு. கீழ கிரானைட் ஜாதியில இளஞ்சிவப்பு பாறை, அதுவும் கிட்டத்தட்ட 56 கோடி வருஷத்துது. அது மேல வெளுத்த குவார்ட்சைட், அதாவது கேம்ப்ரியன்னு ஜியாலஜியில சொல்ற பழைய காலம் ஆரம்பிச்சப்போ கடல் ஏறி வந்து கொட்டின மணல் இறுகின பாறை. ரெண்டுக்கும் நடுவுல ஒரு கோடுதான் தெரியும், ஆனா அந்தக் கோட்டுல கோடிக்கணக்கான வருஷம் காணாமப் போயிருக்கு, கீழ பாதாளத்துல உறைஞ்ச பாறை மேல தூக்கப்பட்டு, அது மேல இருந்ததெல்லாம் அரிச்சு, அப்புறம்தான் கடல் வந்திருக்கு. அந்த குவார்ட்சைட்ல அலை போட்ட வரிங்க இன்னிக்கும் அப்படியே இருக்கு. மிருகங்க பெருக ஆரம்பிச்ச காலத்து கடற்கரை அது, இதவிட என்ன அதிசயம் வேணும்னு எனக்குத் தெரியல.

லாங்மிண்ட்னு ஒரு நீளமான மேட்டுநிலம் இருக்கு, 55 கோடி வருஷத்துக்கு மேல ஆன மணற்கல்லும் சேத்துப் பாறையும். படுக்கையா படிஞ்சதெல்லாம் பிற்பாடு அழுத்தத்துல புரண்டு, அலமாரியில அடுக்கின புஸ்தகம் மாதிரி கிட்டத்தட்ட செங்குத்தா நிக்குது. 1859ல வந்த டார்வினோட "உயிரினங்களின் தோற்றம்" நூல்ல இந்த லாங்மிண்ட் பாறையில உயிர்த்தடம் கிடைச்சத பத்தி சொல்லியிருக்காரு, கேம்ப்ரியனுக்கு முன்னாடி உயிரே இல்லாத மாதிரி தெரியுதேங்கறது அவரோட கொள்கைக்கு பெரிய இடைஞ்சலா இருந்த நேரம் அது. டார்வின் பொறந்ததும் இதே கவுண்டியில, ஷ்ரூஸ்பரியில. அந்த ஊர்ல பெல்ஸ்டோன்னு ஒரு பெரிய கல் கிடக்கு, அந்த ஜாதி பாறை கம்பர்லாந்துலயோ ஸ்காட்லாந்துலயோதான் இருக்கு, இது எப்படி இங்க வந்துச்சுன்னு உலகம் அழியற வரைக்கும் யாரும் சொல்லப்போறதில்லன்னு ஒரு பெரியவர் சின்ன வயசு டார்வின் கிட்ட சொல்லியிருக்காரு. பனியாறு தூக்கிட்டு வந்து போட்டுட்டுப் போச்சுன்னு அவர் காலத்துலயே விளங்கிடுச்சு.

இப்ப பேருங்களுக்கு வரேன். ராடரிக் மர்ச்சிசன்ங்கற ஜியாலஜிஸ்ட் இந்தப் பகுதியையும் வேல்ஸ் எல்லையையும் அலசி, இங்கத்து பாறைங்க உண்டான காலத்துக்கு 1835ல சிலூரியன்னு பேர் வச்சாரு, அங்க வாழ்ந்த ஒரு பழைய குடியோட பேர் அது. அவரும் இன்னொரு ஜியாலஜிஸ்ட் ஆடம் செட்ஜ்விக்கும் முதல்ல நண்பர்கள், ஒருத்தர் சிலூரியன், இன்னொருத்தர் கேம்ப்ரியன்னு பிரிச்சுக்கிட்டாங்க, ஆனா நடுவுல கொஞ்சம் பாறைய ரெண்டு பேருமே என்னோடதுன்னு சொல்ல, அந்தச் சண்டை சாகற வரைக்கும் தீரல. 1879ல சார்லஸ் லாப்வொர்த் அந்த நடுப்பகுதிய தனியா எடுத்து ஆர்டோவிசியன்னு பேர் வச்சு முடிச்சாரு. அவர் அப்போ ஸ்காட்லாந்துல பள்ளிக்கூட வாத்தியார், அந்த ஸ்கூல் பேரு மெட்ராஸ் காலேஜ், நம்ம மெட்ராஸ்ல இருந்து கல்வி முறைய உருவாக்கின ஆண்ட்ரூ பெல் பணம் குடுத்து தொடங்கினது. அதே லாப்வொர்த் 1888ல ஷ்ராப்ஷயர் காம்லி குவாரியில கிடைச்ச ட்ரைலோபைட்ட (அழிஞ்சுபோன ஓட்டுக் கடல்பிராணியோட புதைபடிவம்) வச்சு பிரிட்டன்லயும் கீழ்க் கேம்ப்ரியன், அதாவது கேம்ப்ரியனோட தொடக்ககாலப் பாறை, இருக்குன்னு காட்டினாரு.

சிலூரியனுக்குள்ள இருக்கற வென்லாக், லட்லோங்கற பிரிவுங்க கூட இங்கத்து ஊர்ப் பேருதான். வென்லாக் காலம் எந்த எடத்துல தொடங்குதுன்னு உலகத்துக்கே அளவுகோலா வச்சிருக்கறது ஹ்யூலிங்கற ஒரு சின்ன ஓடையோட கரை. வென்லாக் எட்ஜ்ங்கற நீளமான சுண்ணாம்புக்கல் விளிம்பு 42 கோடி வருஷத்துக்கும் மேல பழைய பவளத் திட்டு, அப்போ இந்த நிலம் பூமத்திய ரேகைக்கு தெக்க வெதுவெதுப்பான ஆழமில்லாத கடலுக்குள்ள இருந்துச்சு. லட்லோ பக்கத்துல மீன் எலும்பும் செதிலும் நெருக்கி அடைச்ச ஒரு மெல்லிசு படிவு இருக்கு, அதுல பூரான் வகையும் சிலந்திக்கு உறவான பூச்சி ஒண்ணும் கிடைச்சிருக்குன்னு 1990ல வெளியிட்டாங்க, நிலத்துல நடமாடின மிருகங்கள்ல நமக்குத் தெரிஞ்ச ரொம்ப பழையதுங்கள்ல அதுவும் ஒண்ணு.

கட்டுரையில பாதி எடம் புடிச்ச இரும்புப் பாலம் கூட பாறையோட கதைதான், அத மட்டுமாவது சொல்லியிருக்கலாம். கோல்புரூக்டேல் பக்கத்துல நிலக்கரியும் இரும்புக்கல்லும் உலைக்கான களிமண்ணும் ஒரே அடுக்குகள்ல, பக்கத்துலயே சிலூரியன் சுண்ணாம்புக்கல், பனிக்காலத்து உருகுதண்ணி செவர்ன் பள்ளத்தாக்க ஆழமா வெட்டினதுல இதெல்லாம் பக்கச் சரிவுல வெளிய தெரிஞ்சுது, தூக்கிட்டுப் போக ஆறும் ரெடி. அதுலயும் இங்கத்து நிலக்கரியில கந்தகம் கம்மி, அதனாலதான் 1709ல ஆபிரகாம் டார்பி கோக், அதாவது காத்துப் படாம சுட்ட நிலக்கரி, போட்டு நல்ல இரும்பு உருக்க முடிஞ்சுது. கந்தகம் அதிகமா இருந்தா இரும்பு உடையும். 1779ல பாலம் எழும்பினது டார்பி குடும்பத்தோட திறமையால மட்டும் இல்ல.

ஸ்டைப்பர்ஸ்டோன்ஸ் குவார்ட்சைட், ஸ்னெயில்பீச் ஈயச் சுரங்கம், க்ளீ மலைங்க தலையில குல்லா மாதிரி உக்காந்திருக்கற டாலரைட்ங்கற கருப்பு எரிமலைக் குழம்புப் பாறை, அத குவாரிக்காரங்க டூஸ்டோன்னு சொல்லுவாங்க, இதெல்லாம் எழுத ஆரம்பிச்சா நீங்க பிரசுரிக்க மாட்டீங்க.

கட்டுரைய படிச்சுட்டு அங்க போற வாசகர்களுக்கு ஒண்ணு சொல்லணும். பிரிட்டிஷ் ஜியலாஜிகல் சர்வேயோட பாறை வரைபடம் இணையத்துல இலவசமாவே பாக்கலாம், போன்ல திறந்து வச்சுக்கிட்டு நடந்தா காலுக்குக் கீழ என்ன பாறைன்னு தெரியும். ஒரு நாள்தான் இருக்குன்னா ரீக்கின் உச்சிய விட எர்கால் குவாரிக்குப் போங்க. சுத்தியல் வேண்டாம், எர்காலும் காம்லியும் சட்டப் பாதுகாப்புல இருக்கற இடங்க, அங்க ஒரு துண்டு கூட ஒடைக்கக் கூடாது.

இப்படிக்கு,
ஜியாலஜி படித்த ஒரு வாசகர்