முன் அச்சு நடுங்குகிறது, டேம்பரை மட்டும் மாற்றி அனுப்பாதீர்கள்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். என் வண்டியைச் செய்த நிறுவனத்தின் தென்னாப்பிரிக்க அலுவலகத்தில் இருப்பவர்களுக்கும், டர்பன் பக்கம் அதைப் பழுது பார்த்த பணிமனையின் மேலாளருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். பெயர்களை இங்கே போடவில்லை. பழுது விவரம் எழுதிய என் மூன்று ஜாப் கார்டும் உங்களிடம் இருக்கின்றன, அதனால் கதையை முதலிலிருந்து சொல்லப் போவதில்லை.

புனித வெள்ளியன்று நடந்ததை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் ஜாப் கார்டில் அது ஒரு வரியாகத்தான் இருக்கிறது. பீட்டர்மாரிட்ஸ்பர்க் மாரியம்மன் கோயில் தீமிதிக்குப் போய்விட்டு டொங்காட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். முன் இருக்கையில் அம்மா, பின்னால் அக்காவின் மகள். விடுமுறை நாளில் என்3 நெடுஞ்சாலை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும், இடது பக்கம் முழுக்க லாரி. கேம்பர்டவுன் தாண்டி ஒரு பாலத்தின் இணைப்பில் சக்கரம் ஏறி இறங்கியது, வேகம் 95 இருக்கும். அவ்வளவுதான், ஸ்டியரிங் என் கையை உதறத் தொடங்கியது. லேசான அதிர்வு இல்லை, வண்டியின் முன்பக்கத்தையே யாரோ பிடித்து உலுக்குவதுபோல, பேனட் நடுங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்துக்கொண்டே நெருங்க, மஞ்சள் கோட்டுக்கு வெளியே ஒதுங்கி வேகம் 40க்குக் கீழே வந்த பிறகுதான் அது நின்றது. அம்மா மடியில் இருந்த பிரசாதத் தட்டு கவிழ்ந்து குங்குமம் எல்லா இடத்திலும் கொட்டியிருந்தது. அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. வீடு வந்து சேரும்வரை கதவுப் பிடியை விடவும் இல்லை.

அந்தக் குங்குமக் கறை இன்னமும் தரைவிரிப்பில் இருக்கிறது. முதல் தடவை வண்டியைக் கொண்டுவந்தபோது உங்கள் ஆள் அதைத் துடைத்துத் தரட்டுமா என்று கேட்டார், நல்ல மனிதர், அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபமெல்லாம் அன்று அவர் கையில் இருந்த தாளின்மேல்தான். "டயர் பேலன்ஸ் செய்யப்பட்டது, குறை எதுவும் காணப்படவில்லை" என்று அதில் எழுதியிருந்தது. இரண்டாவது தடவை ஸ்டியரிங் டேம்பரை, அதாவது ஸ்டியரிங்கின் குலுக்கலை அடக்கும் பாகத்தை, மாற்றினீர்கள். ஏழு வாரம் கழித்து நடுக்கம் திரும்ப வந்தது, மறுபடியும் டேம்பரையே மாற்றினீர்கள். இந்த வகை வண்டிகளில் இது சாதாரணம்தான், சாலையும் சரியில்லை என்று சொல்லி அனுப்பினீர்கள்.

சாதாரணம் இல்லை ஐயா. இரண்டு முன்சக்கரத்தையும் ஒரே இரும்பு அச்சு இணைக்கும் வண்டிகளில் ஒரு சக்கரம் உதறினால் மற்றதும் சேர்ந்து உதறும், அது எனக்கும் தெரியும். லேண்ட் குரூசர் 79, ஜிம்னி, ராங்க்ளர் எல்லாவற்றிலும் முன்னால் அந்த அச்சுதான், கரும்புத் தோட்டத்து மண்சாலையில் அடி தாங்கும் என்பதற்காகத்தான் நானும் அப்படி ஒன்றை வாங்கினேன். ஆனால் மூட்டுகள் எல்லாம் இறுக்கமாக இருந்தால் ஒரு குலுக்கல் வந்த வேகத்தில் அடங்கிவிடும். அடங்காமல் வளர்ந்துகொண்டே போகிறது என்றால் எங்கோ பிளே, அதாவது தளர்வு, இருக்கிறது: அச்சைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் ட்ராக் பாரின் புஷ்ஷிலோ, இரண்டு சக்கரத்தையும் சேர்த்துத் திருப்பும் டை ராட் முனையிலோ, சக்கரம் திரும்பும் இடத்திலுள்ள நக்கிள் பேரிங்கிலோ. டேம்பர் அந்த நடுக்கத்தை மூடி மறைக்கும், புதிதாகப் போட்டால் சில வாரம் தாங்கும், அப்புறம் அதுவும் அடி வாங்கி ஓய்ந்துபோகும். அமெரிக்காவில் 2019இல் ராங்க்ளர் வண்டிகளுக்கு இதே புகார் கிளம்பியபோது ஃபியட் கிரைஸ்லர் நிறுவனம் புது வகை டேம்பரைப் போட்டுக் கொடுத்தது. என் வண்டி அவர்களுடையது அல்ல, ஆனாலும் இந்த நோய் உலகம் அறிந்தது என்று காட்டத்தான் சொல்கிறேன். நான் ஒருவன்தான் கற்பனை செய்வதுபோல என்னிடம் பேசாதீர்கள்.

வெருலத்தில் ஒரு பெரியவர் மெக்கானிக் கடை வைத்திருக்கிறார். அவர் வண்டியை ஜாக்கியில் ஏற்றவே இல்லை. சக்கரம் தரையில் இருக்க, எஞ்சின் ஓட, ஸ்டியரிங்கை இடமும் வலமும் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டச் சொல்லிவிட்டு அடியில் படுத்துப் பார்த்தார். "தம்பி, இங்க கையை வை" என்றார். ட்ராக் பார் போல்ட் அதன் ஓட்டைக்குள்ளேயே டக் டக் என்று நகர்ந்தது, ஓட்டை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தது. போல்ட்டை முதலிலேயே சரியான அளவுக்கு முறுக்கியிருக்க மாட்டார்கள் என்பது அவர் கணிப்பு. பார்த்து முடிக்கக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. வாரன்டி போய்விடும், நான் கை வைக்கக் கூடாது என்று சொல்லி, காசும் வாங்காமல் அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து வண்டி வாசலில் நிற்கிறது. உங்களிடம் எவ்வளவு கருவிகள், எத்தனை பயிற்சி பெற்ற ஆட்கள், மூன்று தடவை வந்தும் ஒருவர்கூடக் கீழே படுத்துப் பார்க்கவில்லையே என்பதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

இதற்கு நடுவில் நாங்கள் எப்படிப் போய்வந்தோம் என்று ஒருவராவது கேட்டிருக்கலாம். அக்கா வீடு பீட்டர்மாரிட்ஸ்பர்க் நார்த்டேலில், அம்மா மாதம் இரண்டு முறையாவது அங்கே போகவேண்டும். என்3 வேண்டவே வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டதால் டிரம்மண்ட், இன்சாங்கா வழியாக ஆர்103 பழைய சாலையில் 60க்கு மேல் போகாமல் உருட்டிக்கொண்டு போனேன். விடியும் முன்னே கிளம்ப வேண்டும். புது வண்டி, இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறேன். சானி பாஸ் மலைப்பாதை ஏறும் வண்டி என்று சொல்லித்தான் விற்றீர்கள், என் அம்மாவை அக்கா வீட்டுக்குக் கொண்டுபோய் விட அதை நம்ப முடியவில்லை. எங்கள் வட்டாரத்தில் பணிமனைக்குப் போய் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பியவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், வயதானவர்களும் பெண்களும் போனால் பதில் இன்னும் குட்டையாகிவிடுகிறது. சரி, அதை இன்னொரு நாள் பேசலாம்.

2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56ஆம் பிரிவு உங்கள் சட்டப் பிரிவுக்குத் தெரிந்திருக்கும். வாங்கிய ஆறு மாதத்துக்குள் குறை சொல்லி, பழுது பார்த்த மூன்று மாதத்துக்குள் அது தீராமல் இருந்தால், மாற்றுப் பொருளோ பணமோ தர வேண்டும். நான் முதல் புகார் கொடுத்தது வண்டி வாங்கிய ஐந்தாவது மாதம். இதை மிரட்டலாகச் சொல்லவில்லை. எனக்கு வண்டி பிடிக்கும், அது சரியாக ஓடினால் போதும்.

நான் தாழ்மையோடு கேட்பது இதுதான்: மூட்டுகளைச் சோதியுங்கள், கண்டதை எழுத்தில் கொடுங்கள். டேம்பரை மாற்றும் முன் ட்ராக் பார், புஷ், டை ராட், பேரிங் எல்லாவற்றையும் சக்கரம் தரையில் இருக்கும்போது பார்க்க வேண்டும் என்று உங்கள் எல்லாப் பணிமனைகளுக்கும் எழுதி அனுப்புங்கள். நடுக்கம் வந்தால் பிரேக்கை ஓங்கி மிதிக்காமல், ஸ்டியரிங்கை உறுதியாகப் பிடித்துக்கொண்டு, மெல்ல வேகத்தைக் குறைத்து ஓரம் கட்ட வேண்டும் என்று கையேட்டில் ஒரு பக்கம் போடுங்கள். அன்று எனக்கு அது தற்செயலாகத்தான் சரியாக வந்தது. வேறொருவருக்கு வராமல் போகலாம்.

நீங்கள் ஒரு நாள் குறித்துச் சொன்னால் போதும், இழுவை வண்டியில் ஏற்றிக் கொண்டுவருகிறேன். மேலே தூக்காமல் பாருங்கள். ஸ்டியரிங்கை ஆட்ட ஆள் இல்லையென்றால் நானே உட்கார்ந்து ஆட்டுகிறேன். ஜாப் கார்டில் இந்தத் தடவை "மூட்டுகளைச் சோதித்தோம், கண்டது இது" என்று எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
டொங்காட்டிலிருந்து உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்