இரண்டு கட்டளையில் முடியாத வேலை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மாணவர் புராஜெக்ட்கள் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையில், சின்ன கம்ப்யூட்டர் போர்டுகளுக்கான லினக்ஸ் கெர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதி) லேப்டாப்பிலேயே கம்பைல் செய்வது, அதாவது மூலநிரலை ஓடும் புரோகிராமாக மாற்றுவது, இரண்டு கட்டளை வேலை என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் என் அக்கா மகன் ஞாபகம்தான் வந்தது. அந்த இரண்டு கட்டளையை நம்பி இரண்டு ராத்திரி தூங்காமல் உட்கார்ந்திருந்தான் அவன்.

ஏஆர்எம் பிராசசர் உள்ள பழைய போர்டு, விற்றவர் கொடுத்த 4.9 கெர்னல், லேப்டாப்பில் உபுண்டு 22.04 லினக்ஸ். கம்பைல் வேலையை நடத்தும் ‘மேக்’ கட்டளையைக் கொடுத்த கொஞ்ச நேரத்தில், ‘ஒய்ஒய்லாக்’ என்ற மாறி இரண்டு இடத்தில் இருக்கிறது என்று சொல்லி நின்றுவிடும். லேப்டாப்பில் இருந்தபடி போர்டுக்கான புரோகிராமை உருவாக்கும் கிராஸ் கம்பைலர்தான் சரியில்லை என்று முடிவுகட்டி மூன்று கம்பைலர்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்திருக்கிறான், எதைப் போட்டாலும் அதே பிழை. பிழைக்கு மேல் வரியிலேயே ‘ஹோஸ்ட்எல்டி’ என்று, அதாவது சிக்கல் லேப்டாப்புக்கான புரோகிராமில்தான் என்று, இருந்தது, அதை யார் படிக்கிறார்கள்?

கெர்னல் போர்டுக்குத்தான் என்றாலும், அதைக் கட்ட உதவும் சில்லறைப் புரோகிராம்கள் லேப்டாப்பில் ஓடியாக வேண்டும். போர்டில் என்னென்ன வன்பொருள் இருக்கிறது என்று சொல்லும் டிவைஸ் ட்ரீயை பைனரியாக்கும் டிடிசி அதில் ஒன்று; பிழை வந்ததும் அதில்தான். அதைக் கம்பைல் செய்வது லேப்டாப்பின் சொந்த கம்பைலரான ஜிசிசி. ஒரே மாறி இரண்டு கோப்பில் இருந்தால் கண்டுகொள்ளாமல் ஒன்றாகச் சேர்த்துவிடும் பழைய தாராளத்தை 2020-இல் வந்த ஜிசிசி 10 நிறுத்திவிட்டது; உபுண்டு 22.04-இல் இருப்பதோ ஜிசிசி 11. லினக்ஸ்காரர்கள் அதே ஆண்டிலேயே டிடிசியில் அந்த மாறியை இன்னொரு முறை அறிவிக்கும் தேவையில்லாத வரியை எடுத்துவிட்டார்கள். போர்டு விற்றவர் எடுக்கவில்லை.

பையனும் அந்த வரியை ஒருமுறை நீக்கித்தான் இருந்தான், ஆனால் மேக் உருவாக்கும் கோப்பில். உருவான கோப்புகளை முழுதாகத் துடைக்கும் ‘எம்ஆர்பிராப்பர்’ கொடுத்ததும் அது அழிந்து, அடுத்த மேக்கில் பழைய வரி திரும்பி வந்துவிட்டது. பெயர் ‘ஷிப்டு’ என்று முடியும் மூலக் கோப்பில் நீக்கி, மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் கமிட் செய்த பிறகுதான் தொல்லை விட்டது. கிராஸ் கம்பைலரின் பெயருக்கு முன்னால் சேர்க்கும் முன்னொட்டின் கடைசி ஹைஃபனை விட்டுவிட்டு, அப்படி ஒரு கம்பைலரே இல்லை என்று திட்டு வாங்கியது தனிக்கதை.

எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது இந்தக் கட்டளைகளை வரிசையாக ஓட்ட அவன் எங்கிருந்தோ எடுத்த பில்ட் ஸ்கிரிப்டைப் பார்த்துத்தான். ஒரு கட்டளை தோற்றால் அங்கேயே நிற்கச் சொல்லும் ‘செட் மைனஸ் ஈ’ அதில் இல்லை. மேக் தோற்றாலும் ஸ்கிரிப்ட் நிற்காமல், முன்பு விற்றவர் கொடுத்து அங்கேயே கிடந்த பழைய கெர்னல் இமேஜை எஸ்டி கார்டில் போட்டு, முடிந்தது என்று எழுதிவிடும். போர்டும் பூட் ஆகும்! அப்புறம், ஓடும் கெர்னல் கம்பைல் ஆன தேதியைக் காட்டும் ‘யுநேம் மைனஸ் வி’ அடிக்கச் சொன்னேன், போன வருஷத் தேதி வந்தது.

அடுத்த முறை இது பற்றி எழுதும்போது அந்தத் தேதியைப் பார்க்கச் சொல்லி ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
எம்பெடட் துறையில் வேலை பார்க்கும் வாசகர்,
கோயம்புத்தூர்