ஜப்பானியம் ஒரே மட்டப் பேச்சா?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் ஜப்பானிய மொழி பற்றிப் போட்டிருந்த கட்டுரையில், வினை கடைசியில் வரும், வேற்றுமை உருபு மாதிரி ஒட்டுகள் உண்டு, அதனால் ரங்கூன் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சுலபம் என்று எழுதியிருந்தீர்கள். சரிதான். ஆனால் ஏற்ற இறக்கமே இல்லாமல் ஒரே மட்டமாகப் பேசினால் போதும் என்றதை ஒத்துக்கொள்ள முடியவில்லை.

டோக்கியோப் பேச்சில் 'அமே' என்பதை மேலே தொடங்கி இறக்கினால் மழை, கீழே தொடங்கி ஏற்றினால் மிட்டாய். நம் பிள்ளைகள் மழை என்று அடித்துச் சொல்லும் வேகத்தில் குரலைக் கடைசியில் தூக்கிவிடுகிறார்கள், கேட்கிறவர் காதில் மிட்டாய் விழுகிறது. எவ்வளவு அழுத்தினாலும் குரல் இறங்கும் இடம் மாறக்கூடாது, ஏறும் உயரம்தான் கூடலாம். (ஒசாக்கா பக்கம் இந்த ஏற்ற இறக்கமே வேறு, அது தனிக் கதை.)

இன்னொன்று, அழுத்தின சொல்லுக்குப் பின்னால் வருவது. டீயை யார் குடித்தது என்று கேட்டால் "அனி கா நொந்தா", அதாவது அண்ணன்தான் குடித்தான். நாம் ஒரு 'தான்' போட்டால் வேலை முடிந்தது. அவர்களோ 'அனி'யின் 'அ'வை வழக்கத்தைவிட உயர்த்தி, 'னி'யில் சட்டென்று இறக்கி, மிச்சத்தை அப்படியே தாழ்வாக ஓட்டிவிடுவார்கள், 'நொ' லேசாகத் தலைகாட்டும், அவ்வளவுதான். குடித்தே விட்டான் என்று சொல்ல வேண்டுமானால் அந்த 'நொ' எழும்பும். நம் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்துத் தூக்குகிறார்கள். பர்மியத்தில் அசைக்கு அசை தொனி உண்டே, அந்தப் பழக்கமும் கூட வருகிறது என்பது என் எண்ணம். நாம் 'ரொம்ப'வை இழுப்பது போல அவர்கள் 'தொதெமோ'வை 'தொத்தெமோ' என்று இரட்டிப்பது மட்டும் எல்லோருக்கும் உடனே வந்துவிடுகிறது!

ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் பேச்சுப் பகுதி கிடையாது, அதனால் வகுப்பில் சயாமாக்கள் (ஆசிரியைகள்) இதைத் தொடுவதே அபூர்வம், வேலைக்கு நேர்காணல் வரும்போதுதான் பிள்ளைகள் திணறுகிறார்கள். அடுத்த கட்டுரையில் சொற்களைத் தமிழில் எழுதும்போது குரல் இறங்கும் எழுத்தின் மேல் ஒரு கோடாவது போடுங்கள். டோக்கியோ பல்கலைக்கழகத்தின் 'ஓஜாட்' இணைய அகராதி வாக்கியத்தைக் கொடுத்தால் ஏற்ற இறக்கத்தை வளைகோடாகவே வரைந்து காட்டும், காசு கேட்காது. அதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

ஒரு வாசகி,
தாம்வே, ரங்கூன்